கதை பாதியில் நின்றுவிட்டால்: ஆறப்போடுவதா, எழுதித் தள்ளுவதா, பின்னால் போய்ப் பார்ப்பதா?

பாதியில் நின்ற கதையை என்ன செய்வது என்று கேட்டால், எழுதுகிறவர்களிடம் ஆளுக்கொரு பதில் இருக்கும். கொஞ்ச நாள் தொடாதீர்கள் என்பார் ஒருவர். தொடாமல் விட்டால் கதை செத்துவிடும், தினமும் எழுதுங்கள் என்பார் இன்னொருவர். நின்ற காட்சியைத் தாண்டிப் போங்கள், முதலிலிருந்து திரும்பப் படியுங்கள், யாரையாவது சாகடியுங்கள், முடிவை முதலில் எழுதுங்கள் என்று யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குக் கைகொடுத்ததுதான். சிக்கல் என்னவென்றால், இவற்றில் பாதி மறுபாதிக்கு நேர் எதிர். தொடாமலும் இருந்துகொண்டு தினமும் எழுத முடியாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கதை ஏன் நின்றது என்பதைப் பொறுத்தது. இதைச் சொல்வது சுலபம், கண்டுபிடிப்பது கஷ்டம். கதை நிற்கிற இடமும் பழுது இருக்கிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்பதாம் பக்கத்தில் பேனா நிற்கும்; காரணம் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். நாமோ ஒன்பதாம் பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். அந்தப் பக்கத்தை எத்தனை தடவை மாற்றி எழுதினாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் நல்ல யோசனைகள்கூடப் பல நேரம் பலிப்பதில்லை. யோசனை தப்பில்லை, அதைத் தவறான இடத்தில் போட்டுப் பார்க்கிறோம்.

அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். நின்றிருப்பது கதையா, நாமா? வேறொரு கதையோ ஒரு நீண்ட கடிதமோ எழுத உட்கார்ந்தால் கை ஓடுகிறது, இந்தக் கதையைத் திறந்தால் மட்டும் நின்றுவிடுகிறது என்றால் சிக்கல் கதையில் இருக்கிறது. எதை எழுத உட்கார்ந்தாலும் ஒரு வரி வரவில்லை, படிக்கவும் மனம் இல்லை என்றால் அது உடம்பின் களைப்பு, அல்லது மனதில் வேறு ஏதோ பாரம். அதற்குத் தூக்கமும் ஓய்வும் பேச ஒரு மனிதரும்தான் வேண்டும். கீழே சொல்லப்போகிற உத்தி எதுவும் அதற்கு மருந்தில்லை. அந்த நிலையில் இருப்பவர் கதையோடு போராடித் தன்னை மேலும் வருத்திக்கொள்ள வேண்டாம் என்பதை அழுத்தியே சொல்கிறேன்.

நின்றது கதைதான் என்று தெரிந்துவிட்டது, சரி. இனி ஒப்பிடலாம். வசதிக்காக ஒரே கதையை வைத்துக்கொள்வோம்.

அப்பா இறந்து ஆறு மாதம் ஆகிறது. வெளியூரில் இருக்கும் அக்கா, வீட்டை விற்றுப் பங்கு பிரிப்பதற்காக வருகிறாள். தம்பி அந்த வீட்டில்தான் இருக்கிறான்; அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன் அவன். பல வருடங்களுக்கு முன் ஒரு பணத் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. முதல் பக்கத்தில் அக்கா கதவைத் தட்டுகிறாள். தம்பி திறக்க நேரமாகிறது. நன்றாக வந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், போன வாரம் இருவரும் தொலைபேசியில் பேசியதை அக்கா நினைத்துப் பார்க்கிறாள். அப்புறம் வீடு, அறைகள், அப்பாவின் பொருட்கள் என்று வர்ணனை போகிறது. ஒன்பதாம் பக்கத்தில் இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே நின்றுவிட்டது.

ஆறப்போடுவது

இதற்குப் பெரிய சாட்சி அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன். டாம் சாயரின் கதையை எழுதிக்கொண்டிருந்தபோது, கையெழுத்துப் பிரதியின் 400-ஆம் பக்கத்தில் கதை ஒரேயடியாக நின்றுவிட்டது என்று தன் சுயசரிதையில் சொல்கிறார். நாள் கணக்கில் முயன்றும் நகரவில்லை. தொட்டி வற்றிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். பிரதியை எடுத்துவைத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் படித்தபோது தொட்டி தானாக நிரம்பியிருந்தது. நாம் தூங்கும்போதும் வேறு வேலை பார்க்கும்போதும் அது நிரம்பும் என்பது அவர் கண்டுபிடித்தது.

இதைப் படித்துவிட்டு நின்ற கதைகளையெல்லாம் மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த வாக்கியத்தில் இருக்கும் ‘வேறு வேலை’ என்பதைக் கவனிக்க வேண்டும். ட்வைனுக்கு எப்போதும் வேறு புத்தகங்களும் கட்டுரைகளும் கையில் இருந்தன. ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும். எழுத்தே ஒரே ஒரு கதையாக இருக்கிறவர் அதையும் ஆறப்போட்டால், ஆறுவது எழுதும் பழக்கம்தான். ஆகவே இந்த வழி, ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வேலை வைத்திருப்பவருக்கும் நாவல் எழுதுகிறவருக்கும் ஏற்றது. முதல் சிறுகதையோடு நிற்கிறவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

ஆறப்போடுவது என்று முடிவு செய்தால், மூடிவைப்பதற்கு முன் கதையின் அடியில் ஒரு கேள்வியை எழுதிவைப்பது நல்லது. ‘கூடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை’ என்று பொதுவாக எழுதினால் போதாது. ‘தம்பி எதை மறைக்கிறான்?’ என்று எழுதுங்கள். திரும்பி வரும்போது எங்கே தொடங்குவது என்று தடுமாற வேண்டியிருக்காது.

சின்ன அளவில் ஆறப்போடுவது என்றால் எழுந்து நடப்பது. இதற்கு ஆய்வே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மேரிலி ஒப்பெஸ்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், உட்கார்ந்திருந்தபோதைவிட நடந்தபோது புதுப் புது யோசனைகள் வருவது சராசரியாக 60 சதவீதம் கூடியது. வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளில் நடை உதவவில்லை. மதிப்பெண் கொஞ்சம் குறையவே செய்தது. கதை எழுதுகிறவருக்கு இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். ‘கூடத்தில் இன்னும் என்னவெல்லாம் நடக்கலாம்?’ என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு நடக்கப் போகலாம். ‘கிடைத்த ஐந்தில் எது சரி?’ என்பதை உட்கார்ந்து முடிவு செய்வதுதான் நல்லது.

எழுதித் தள்ளுவது

நேர் எதிரான வழி. நன்றாக வருகிறதோ இல்லையோ, தினமும் இத்தனை வார்த்தை என்று எழுதிவிடுவது. ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரொலோப் அஞ்சல் துறையில் வேலை பார்த்தபடியே ஏராளமான நாவல்கள் எழுதியவர். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்ற கணக்கில் எழுதினார். இதற்குத் தளர்வான வடிவமும் உண்டு: பத்து நிமிடம் கையை எடுக்காமல், அடிக்காமல், திருத்தாமல், ஒன்றும் தோன்றவில்லை என்றால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுதிக்கொண்டு போவது. எழுத்துப் பயிற்சி தந்த பீட்டர் எல்போ 1973-இல் இதைப் பரவலாக்கினார்.

கதை நின்றதற்குக் காரணம் பயம் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் எழுதிய ஒவ்வொரு வரியும் மட்டமாகத் தெரிகிறது, ஒரு வரி எழுதி அதையே நான்கு தடவை அடிக்கிறோம் என்றால், அது பயம். மோசமாக எழுத நமக்கு நாமே அனுமதி கொடுத்தால் பாதி சிக்கல் அப்போதே தீரும். மோசமான பக்கத்தைத் திருத்தலாம், இல்லாத பக்கத்தைத் திருத்த முடியாது.

ஆனால் பழுது கதையில் இருந்தால் இதே வழி கெடுதல் செய்யும். நம் அக்கா-தம்பி கதையை எழுதித் தள்ளினால் இப்படித்தான் வரும்:

“பயணம் எப்படிக்கா இருந்துச்சு?”

“பரவாயில்லடா.”

“களைப்பா இருக்கும். கொஞ்சம் படுத்துக்கோயேன்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ எப்படி இருக்கே?”

“நல்லா இருக்கேன்க்கா.”

ஒரு வரியும் தப்பில்லை. இருவரும் இப்படித்தான் பேசுவார்கள். இருபது பக்கம்கூட இப்படியே பேசுவார்கள். ஒருவர் மற்றவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்காததால் பேச்சு எங்கும் போய்ச் சேராது. எழுதித் தள்ளும்போது இந்த மாதிரிப் பேச்சு இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் நீண்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வார்த்தைக் கணக்கு நிறைகிறது என்ற திருப்தி நம்மை ஏமாற்றிக்கொண்டிருக்கும்.

இதோடு ஒட்டிய ஒரு பழக்கம் உண்டு: அடுத்து என்ன நடக்கும் என்று தெரிகிற இடத்திலேயே அன்றைய எழுத்தை நிறுத்திக்கொள்வது. அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே 1958-இல் வந்த ஒரு பேட்டியிலும் இதைச் சொல்லியிருக்கிறார். நின்றுபோன கதையை இது நகர்த்தாது. நகர்கிற கதை நிற்காமல் காக்கும். எல்லோரும் பழகிக்கொள்ளலாம்.

தாண்டிப் போவது, சம்பவத்தைக் கொண்டுவருவது

நின்ற காட்சியை விட்டுவிட்டு, தெளிவாகத் தெரிகிற வேறொரு காட்சிக்குப் போவது பலருக்குப் பிடித்த வழி. நாவலாசிரியர் நபக்கோவ் சின்னச் சின்ன அட்டைகளில், வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் காட்சிகளை எழுதினார். முடிவு தெரிந்தவர்களுக்கு இது நல்ல வழி. நம் கதையில் கூடத்தை விட்டுவிட்டு, மறுநாள் இருவரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிற இடத்தை எழுதலாம். எழுதி முடித்தபின் பார்த்தால், கூடத்துக் காட்சியே வேண்டாம், ‘மறுநாள் காலை’ என்ற இரண்டு வார்த்தை போதும் என்று தெரிந்தாலும் தெரியும்.

ஆனால் தாண்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் காட்சி அலுப்பாக இருப்பதால் தாண்டுகிறேனா, கடினமாக இருப்பதால் தாண்டுகிறேனா? எழுதுகிற எனக்கே அலுப்பு என்றால் படிக்கிறவருக்கும் அலுப்புதான், தாராளமாகத் தாண்டலாம். கடினம் என்றால் நிலைமை வேறு. அக்காவும் தம்பியும் இத்தனை வருடம் கழித்து எதிரெதிரே உட்காருகிற காட்சி கடினமாகத்தான் இருக்கும். கதை பிறந்ததே அதற்காகத்தான். அதைத் தாண்டிவிட்டுச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அழகாக எழுதிவைத்தால், நடுவில் பெரிய ஓட்டையோடு ஒரு கதை மிஞ்சும்.

அடுத்தது, திடீரென்று ஏதாவது நடக்கவைப்பது. கதவைத் தட்டி ஒருவர் வருகிறார், ஒரு கடிதம் கிடைக்கிறது, விபத்து நடக்கிறது. ஸ்டீஃபன் கிங் சொல்லியிருக்கும் ஓர் அனுபவம் இதற்கு நல்ல பாடம். 1978-இல் வெளிவந்த ‘தி ஸ்டாண்ட்’ நாவலை எழுதும்போது, 500 பக்கத்துக்கும் மேல் எழுதியபின் அவர் நின்றுபோனார். பாத்திரங்களும் கிளைக்கதைகளும் பெருகிச் சிக்கிக்கொண்டிருந்தன. வாரக்கணக்கில் நடந்து நடந்து யோசித்தார். கடைசியில் கிடைத்த வழி ஒரு வெடிகுண்டு. முக்கியப் பாத்திரங்கள் சிலர் இருக்கும் இடத்தில் அது வெடிக்கிறது. நாவல் மறுபடி ஓடத் தொடங்குகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் ‘நின்றால் குண்டு போடு’ என்பது போலத் தெரியும். உண்மையில் அவருடைய மனிதர்கள் பேரழிவுக்குப் பின் பழைய உலகத்தையே திரும்பக் கட்டிக்கொண்டு வசதியாக உட்காரத் தொடங்கியிருந்தார்கள். கதை தேங்கியது அதனால்தான். குண்டு அந்த வசதியைக் குலைத்தது, கூடவே மிகையான இழைகளையும் அறுத்தது. குண்டை வைத்ததும் வெளியாள் இல்லை; கதைக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்த ஒரு பாத்திரம். சம்பவம் கதைக்கு உள்ளிருந்து வந்ததால் பலித்தது.

நம் கதையில் கூடத்துக் கூரை இடிந்து விழலாம். அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததாக ஒரு கடிதம் கிடைக்கலாம். இரண்டும் கதையை நகர்த்தும், ஆனால் வேறொரு கதைக்கு நகர்த்தும். இன்னொன்றும் சாத்தியம்: தம்பி ஏற்கெனவே ஒருவரிடம் முன்பணம் வாங்கிவிட்டான், அக்காவிடம் சொல்லவில்லை. இது பழைய பணத் தகராறிலிருந்தே முளைக்கிறது. இருவரின் குணத்தையும் வெளியே கொண்டுவரும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் இதை ஒன்பதாம் பக்கத்தில் கொண்டுவந்தாலும் கதை சூடுபிடிக்காது. காரணம் இரண்டாம் பக்கம்.

பின்னால் போவது

அந்தத் தொலைபேசிப் பேச்சில் அக்கா என்ன சொன்னாள் என்று பார்ப்போம்:

“பழசையெல்லாம் விடுடா. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.”

எழுதியபோது இந்த வரி நன்றாகத்தான் இருந்திருக்கும். அக்கா பெருந்தன்மையானவள் என்று காட்டுகிறது. ஆனால் கதையின் ஒரே கேள்வியை, இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் மன்னிப்பார்களா என்பதை, இந்த வரி அங்கேயே மூடிவிட்டது. அதற்குப்பின் வீட்டை வர்ணிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. ஏழு பக்க வர்ணனை வந்ததும் அதனால்தான். தம்பி முன்பணம் வாங்கியது தெரிந்தால்கூட, வருத்தமே இல்லாத அக்கா அதையும் ‘விடுடா’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

வரியை இப்படி மாற்றிப் பார்க்கலாம்:

“வீட்டப் பத்தி மட்டும் இப்பப் பேசுவோம். மத்தது நேர்ல.”

இப்போது கூடத்துக் காட்சியைத் திரும்ப எடுத்தால், முதல் வரி அதேதான். ஆனால் பதில் தானாக மாறும்:

“பயணம் எப்படிக்கா இருந்துச்சு?”

“அப்பா அலமாரிச் சாவி எங்க?”

“எதுக்கு? இப்பத்தானே வந்தே.”

“சாவி எங்கடா?”

இவள் எதையோ தேடுகிறாள், அவன் எதையோ தள்ளிப்போடுகிறான். அலமாரியில் என்ன இருக்கிறது என்று எழுதுகிறவருக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, இனி எழுத முடியும்.

நின்ற கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் மருந்து என்பது என் உறுதியான எண்ணம். விலை அதிகமான மருந்தும் இதுதான், ஏனென்றால் நடுவில் உள்ள ஏழு பக்கமும் பெரும்பாலும் போய்விடும். உழைத்து எழுதிய பக்கங்களை வெட்டுவதற்கு மனம் வராது. அதனால்தான் மற்ற எல்லா வழிகளையும் முயன்றுவிட்டு இதற்குக் கடைசியில் வருகிறோம். வெட்டியதை இன்னொரு கோப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டால் கை நடுங்காது. அப்பாவின் மூக்குக் கண்ணாடியைப் பற்றிய அந்த நல்ல வரி வேறெங்காவது வந்து உட்காரும்.

பின்னால் போவதில் டால்ஸ்டாய் அளவுக்குப் போனவர்கள் குறைவு. 1856-இல் தண்டனை முடிந்து குடும்பத்தோடு ருஷ்யாவுக்குத் திரும்பும் ஒரு புரட்சியாளரைப் பற்றித்தான் அவர் எழுதத் தொடங்கினார். அவரைப் புரிந்துகொள்ள, அவர் தவறும் துன்பமும் நடந்த 1825-க்குப் போனார். அங்கே அந்த மனிதர் ஏற்கெனவே முதிர்ந்த குடும்பஸ்தராக இருந்தார். இளமையைத் தெரிந்துகொள்ள, நெப்போலியனோடு போர் நடந்த 1812-க்குப் போனார். 1812-இன் வெற்றியை மட்டும் எழுதினால், அதற்கு முந்தைய தோல்விகளை மறைத்ததாகிவிடும் என்று கூச்சப்பட்டு 1805-க்குப் போனார். அங்கே தொடங்கியதுதான் ‘போரும் வாழ்வும்’ என்று தமிழில் வந்த நாவல். முதலில் எழுத நினைத்த காலத்தை அது எட்டவே இல்லை. தொடங்கிய இடம்தான் பழுது என்றால், சரிசெய்யப் போகிற கதை இந்த அளவுக்கு உருமாறிவிடலாம். அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

செய்முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் பக்கத்திலிருந்து, திருத்தாமல், வேறொருவர் கதையைப் படிப்பது போலப் படியுங்கள். முடிந்தால் அச்செடுத்து. நம் கவனம் முதல் தடவை தளர்கிற இடத்தில் ஒரு பென்சில் கோடு. அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் தேடுங்கள்: எந்தக் கேள்வி அங்கே சீக்கிரம் மூடப்பட்டது? யார் ரகசியத்தை அவசரப்பட்டுச் சொன்னார்? யாருடைய ஆசை பாடுபடாமலே நிறைவேறியது? இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும்.

இதில் ஆபத்தும் உண்டு. பின்னால் போனவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள். முதல் மூன்று பக்கம் பளபளவென்று மின்னும், நான்காம் பக்கம் பிறக்கவே பிறக்காது. இதைத் தவிர்க்க எனக்குத் தெரிந்து ஒரே கட்டுப்பாடுதான்: பின்னால் போனால் என்ன நடக்கிறது என்பதை மட்டும் மாற்றுவது, எப்படிச் சொல்லியிருக்கிறோம் என்பதைத் தொடாமல் இருப்பது. வாக்கிய அழகெல்லாம் கதை முடிந்தபின்.

மற்றவை

திட்டம் போடுவது. நாவலுக்கும் துப்பறியும் கதைக்கும் இது அவசியம் என்றே சொல்லலாம். கொலை செய்தவர் யார் என்று தெரியாமல் இருநூறு பக்கம் எழுதினால் அதன்பின் வருவது பழுதுபார்க்கும் வேலைதான். சிறுகதைக்கு அரைப் பக்கம் போதும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும், ‘இன்று இரவுக்குள் இவருக்கு என்ன வேண்டும், கிடைக்காவிட்டால் என்ன செய்வார்’ என்று எழுதிப் பார்த்தாலே பல கதைகள் நகர்ந்துவிடும். ‘வாழ்க்கையில் என்ன வேண்டும்’ என்று கேட்டால் பதில் தத்துவமாகிவிடும். ‘இன்று இரவுக்குள்’ என்று கேட்டால்தான் அலமாரிச் சாவி கிடைக்கும்.

பார்வையை மாற்றுவது. அக்காவின் பக்கம் நின்று சொல்கிற கதையை, தம்பி ‘நான்’ என்று சொல்வதாக ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பது. முழுக் கதையையும் உடனே மாற்றிவிட வேண்டாம்; இதை ஒரு சோதனையாக வைத்துக்கொள்வதே மேல். தம்பியாக எழுதும்போது, அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி அக்காவுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வெளியே வரும். அதைத் தெரிந்துகொண்டு, திரும்பவும், அது தெரியாத அக்காவின் பக்கம் போய் நின்று எழுதலாம். சொல்கிறவர் நிஜமாகவே தவறான ஆள் என்றால் அதுவும் இந்த ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும்: அந்தப் பக்கம் மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாக வந்திருக்கும்.

யாரிடமாவது கதையை வாயால் சொல்வது. எதிரில் இருப்பவர் எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை, யோசனை சொல்லவும் வேண்டியதில்லை. சொல்லிக்கொண்டு வரும்போது ‘அப்புறம் எப்படியோ அவங்க பேசிக்கிறாங்க’ என்று நம் வாய் தாண்டிப் போகிற இடம் எதுவென்று கவனித்தால் போதும். பழுது அந்த ‘எப்படியோ’வில் இருக்கிறது. பின்னால் போய்த் தேடுவதற்கு இதைவிடச் சுலபமான முதற்படி எனக்குத் தெரியவில்லை. எழுதிய பக்கங்களைக் கொடுத்துக் கருத்துக் கேட்பது வேறு விஷயம். பாதிக் கதைக்குக் கருத்துக் கேட்டால், கருத்துச் சொல்பவரின் கதையை நாம் எழுதத் தொடங்கிவிடுவோம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் அடுத்து என்ன என்று கேட்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். பத்து யோசனை நொடியில் வரும். அவற்றில் பெரும்பாலானவை யாருக்கும் முதலில் தோன்றக்கூடியவையாக இருக்கும். எதையெல்லாம் எழுதக் கூடாது என்று தெரிந்துகொள்ள அந்தப் பட்டியல் உதவும். அடுத்த காட்சியையே எழுதித் தரச் சொல்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டாம் பக்கத்து வரியை எழுதியது நாம்; அது ஏன் தப்பு என்று உணர வேண்டியதும் நாம்தான்.

எதை முதலில் எடுப்பது

அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தும் எழுத வரவில்லை என்றால் எழுதித் தள்ளுங்கள். என்ன நடக்கும் என்றே தெரியவில்லை என்றால் எழுதித் தள்ள வேண்டாம். ஒருவரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள், பிறகு பென்சிலோடு பின்னால் போங்கள். பின்னால் போய்ப் பார்த்தும் பழுது ஒன்றும் தென்படவில்லை, கேள்விகள் திறந்தே இருக்கின்றன என்றால், அப்போது சம்பவம் ஒன்றைத் தேடலாம். அதுவும் ஏற்கெனவே கதைக்குள் இருக்கும் ஆட்களிடமிருந்து. நாவலில் இழைகள் பெருகிச் சிக்கியிருந்தால் நீண்ட நடையும் அரை நாள் திட்டமும். கையில் வேறு எழுத்து வேலை ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் ஆறப்போடுவது.

கெடு நெருங்கிவிட்டது, நாளைக்குக் கொடுத்தாக வேண்டும் என்றால் கணக்கு மாறும். ஏழு பக்கத்தை வெட்டி எழுத நேரம் இருக்காது. அப்போது தாண்டிப் போவதுதான் ஒரே வழி: தெரிந்த முடிவுக் காட்சியை முதலில் எழுதிவிடுங்கள். பிறகு நின்ற இடத்துக்கும் அதற்கும் இடையில் வாசகருக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது எது என்று பார்த்து அதை மட்டும் ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். பதிப்பாசிரியர்களுக்கு நின்றுபோன கதை புதிதல்ல.